ஊர்க் கோரிக்கை எந்த அரசின் கையில்? நெல்லைச் சீமையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திங்கள்கிழமை காலையில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருகிறவர்களின் தாள்களைப் படித்துப் பார்த்தால், குறை தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும். அதைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் எழுதப்பட்டிருக்காது. “தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்ற ஒரே வரிக்குள் ஊராட்சி செய்ய வேண்டியதும், சென்னை செய்ய வேண்டியதும், தில்லி செய்ய வேண்டியதும் சேர்ந்து கிடக்கும். அந்த மனு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தள்ளப்பட்டு, “எங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல” என்ற பதிலோடு திரும்பி வருவதற்குள் ஒரு பிசானப் பருவ நெல் சாகுபடியே முடிந்துவிடும்.

பல மொழிகளும் பல தேசிய இனங்களும் வாழும் ஒன்றியத்தில், எந்த அதிகாரம் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி தமிழர்களுக்குப் புதியதல்ல. ஒன்றிய–மாநில உறவுகளை ஆராய 1969இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் சட்டப்பேரவை மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழு அறிவிக்கப்பட்டது. மேடைகளில் நாம் கேட்டு வளர்ந்த இந்த வாதம், நம் ஊர்க் குளத்துக்கும் கல்குவாரிக்கும் பீடிக் கூலிக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பதைப் படிக்கத் தெரிந்திருப்பதுதான் சுயாட்சியின் முதல் பயிற்சி. அதைச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒரு குறையைப் பல குறைகளாகப் பிரியுங்கள்

அரசமைப்புச் சட்டத்தின் 246ஆம் உறுப்பும் ஏழாவது அட்டவணையும்தான் தொடங்கும் இடம். ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் என்று அந்த அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. 1950இல் அவற்றில் முறையே 97, 66, 47 இனங்கள், அதாவது எண்ணிட்ட பொருள்கள், இருந்தன. பிறகு திருத்தங்களால் சில கூடின, சில குறைந்தன, சில இடம் மாறின. சட்டத்தின் தமிழ்ப் பதிப்பை ஊர் நூலகத்தில் கேட்டு வாங்கி, இந்த அட்டவணை வரும் பக்கங்களை மட்டும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சட்டத்தையும் படிக்க வேண்டிய தேவை இல்லை.

பட்டியலைத் திறப்பதற்கு முன் குறையைப் பிரிக்க வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரியை எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தபோது நம் மாவட்டமே பதறியது. “குவாரிப் பிரச்சினை” என்று ஒரே பெயரில் நாம் பேசினாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரே பிரச்சினை அல்ல. சிறுகனிமமான கல்லை வெட்டக் குத்தகை கொடுப்பது மாநில அரசின் கனிமவளத்துறை. குவாரிக்குள் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலில் வருவதால், அதைக் கண்காணிப்பது ஒன்றிய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். கல் ஏற்றிய லாரிகள் நொறுக்கிய ஊர்ச்சாலை, அது ஊராட்சிச் சாலையாக இருந்தால் ஊராட்சியையோ ஊராட்சி ஒன்றியத்தையோ சேரும். தூசியும் வெடிச்சத்தமும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் போக வேண்டியவை. ஒரே மனுவில் நான்கையும் எழுதினால் நான்கு அலுவலகங்களும் மற்ற மூன்றைக் கைகாட்டும். நான்கு தனித்தனி மனுக்களாக எழுதினால் அந்த வசதி அவர்களுக்கு இருக்காது.

பீடித் தொழிலும் இப்படித்தான். சுற்றுவதற்கான குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு. பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, அடையாள அட்டை ஆகியவை 1976ஆம் ஆண்டு நல நிதிச் சட்டத்தின் வழியே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருபவை. முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனை ஒன்றிய அரசுடையது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நிதிக்கு வருவாய் தந்த தீர்வை நீக்கப்பட்டது. இந்த உதவிகள் ஒன்றியத்தின் கையில் இருப்பதால், உதவித்தொகை தாமதமானால் மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுத்துப் பயனில்லை.

பட்டியலைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

பட்டியலில் ஓர் இனம் மாநிலத்தின் பக்கம் இருப்பதாலேயே அது முழுதும் மாநிலத்துடையது என்று எண்ணிவிடக் கூடாது. “இதற்கு உட்பட்டு” என்று வரும் இடங்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17ஆம் இனம். அதுவே ஒன்றியப் பட்டியலின் 56ஆம் இனமான மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளுக்கு உட்பட்டது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணி தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடிவதால், அதன் அணைகளிலும் கால்வாய்களிலும் தண்ணீர் திறப்பது பற்றிய முடிவு சென்னையின் கையில் இருக்கிறது. காவிரிக்கு இருப்பதுபோல் நடுவர் மன்றம், ஆணையம் என்ற தடைகள் இதற்கு இல்லை. கன்னடியன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ கார் பருவத்துக்குத் தண்ணீர் வராமல் போனால் அதற்குத் தில்லியைக் குறை சொல்ல இடமில்லை.

சில இனங்கள் இடம் மாறியிருக்கின்றன. கல்வியும் காடும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தன. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. பொதுப்பட்டியலில் இருக்கும் பொருளில் இரு அரசுகளின் சட்டங்களும் மோதினால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் தவிர, ஒன்றியச் சட்டமே நிற்கும் என்கிறது 254ஆம் உறுப்பு. பொதுப்பட்டியல் என்ற பெயரைப் பார்த்துச் சமமான பங்கு என்று நினைத்துவிடாதீர்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள், மேய்ச்சல் தடையிலிருந்து வாகனக் கட்டுப்பாடு வரை எதைக் கேட்டாலும், மாநில வனத்துறை அதிகாரி ஒன்றியச் சட்டத்தைக் காட்டித்தான் பதில் சொல்வார்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள் யாருக்கு என்பது அடுத்த கேள்வி. 248ஆம் உறுப்பின்படி அது ஒன்றியத்துக்கு. ஸ்காட்லாந்துக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தன்னாட்சி வந்தபோது இதற்கு நேர்மாறான முறை வகுக்கப்பட்டது: இலண்டனுக்கென ஒதுக்கியவை மட்டும் பட்டியலிடப்பட்டன, பட்டியலில் இல்லாதவை எல்லாம் எடின்பரோ நாடாளுமன்றத்துக்கு விடப்பட்டன. இராஜமன்னார் குழு முதல் நாம் கேட்டுவருவதில் இந்த எஞ்சிய அதிகாரமும் ஒன்று. எழுதும்போது நினைத்துப் பார்க்க முடியாத பொருள்களே எதிர்காலத்தில் பெருகும் என்பதால், இதை நான் மிகவும் பெரிய கோரிக்கையாகக் கருதுகிறேன்.

பேரிடரையே பாருங்கள். அந்தச் சொல் மூன்று பட்டியல்களிலும் தனி இனமாக இல்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி இரு கரையும் புரண்டபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது மாநில அரசு. மாநிலப் பேரிடர் நிதியில் 75 விழுக்காடு ஒன்றியத்தின் பங்கு, 25 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. அதற்கு மேல் தேசிய நிதியிலிருந்து எவ்வளவு என்று முடிவு செய்வது தில்லி. உங்கள் பெயர் நிவாரணப் பட்டியலில் விடுபட்டிருந்தால் வட்டாட்சியரிடம் போக வேண்டும். நிவாரணத் தொகையே போதாது என்பது உங்கள் வாதமானால், அது சென்னைக்கும் தில்லிக்கும் இடையில் நடக்கும் வழக்கு.

ஒன்றியப் பட்டியலில் உள்ள பொருளிலும் மாநிலத்துக்குப் பிடிமானம் உண்டு என்பதற்குக் கூடங்குளம் சான்று. அணுசக்தி ஒன்றியப் பட்டியலின் 6ஆம் இனம். 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் போட்டதும் தில்லிதான். ஆனால் நிலமும் காவலும் மக்கள் நல்வாழ்வும் மாநிலத்துடையவை. இடிந்தகரைப் போராட்டம் வலுத்த 2011 செப்டம்பரில், மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தக் கோரி மாநில அமைச்சரவை தீர்மானித்தது. 2012 மார்ச்சில் அதே அமைச்சரவை பணியைத் தொடரச் சொன்னது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஒன்றியத்தின் திட்டம் ஒன்று மாநிலத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் நகர முடியவில்லை. ஒன்றியப் பொருளில் கோரிக்கை வைக்கும் ஊர், தில்லிக்கு எழுதுவதோடு நின்றுவிடாமல், அந்தத் திட்டத்துக்கு மாநிலம் எதைக் கொடுக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மாநிலத்திடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது மட்டம்: நம் ஊராட்சி

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்தது. பதினோராவது அட்டவணை 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு உரியவையாக எண்ணிச் சொல்கிறது: குடிநீர், சிறு பாசனம், ஊர்ச்சாலை, தொடக்கக் கல்வி என்று நீளும் பட்டியல் அது. அதைப் படித்து மகிழும் முன் 243ஜி உறுப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். மாநிலச் சட்டமன்றம் இந்த அதிகாரங்களை ஊராட்சிக்கு “வழங்கலாம்” என்றுதான் அது சொல்கிறது. வழங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே ஒரு பொருள் உண்மையில் ஊராட்சியிடம் இருக்கிறதா என்பதை 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் அரசாணைகளையும் பார்த்துத்தான் அறிய முடியும்.

இங்கே என் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1976லும் 1991லும் மக்கள் தேர்ந்தெடுத்த தமிழ்நாட்டு அரசு 356ஆம் உறுப்பைக் கொண்டு கலைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் மாநிலத்தின் சொந்த ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரத்தை, யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத மாவட்ட ஆட்சியரின் கையில் கொடுத்திருக்கிறது. 202ஆம் பிரிவு ஊராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் இடம் தருகிறது. தில்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தைப் பாப்பாக்குடி ஒன்றியத்தின் ஒரு சிற்றூராட்சி சென்னையிடம் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் 5ஆம் இனம் என்பதால், இதைத் திருத்தத் தில்லியின் அனுமதி எதுவும் தேவையில்லை. மாநில சுயாட்சியை முழு மனத்தோடு ஆதரிப்பவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.

தேர்தலே நடக்காமல் போகும் நிலையும் நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோனது. 2019 இறுதியில் மற்ற மாவட்டங்கள் பலவற்றில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த காரணத்தால் நெல்லையிலும் தென்காசியிலும் நடக்கவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்களே ஊராட்சியை நடத்தினார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் கிராம சபை இல்லாமல் போவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததுதான் கிராம சபை. அதற்குப் பதவிக்காலம் கிடையாது.

குளத்துக்கு ஒரு தீர்மானம்

இனி ஒரே ஒரு கோரிக்கையை எடுத்து, அடி முதல் நுனி வரை கொண்டுபோவோம். குளம் நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் மறுகால் ஓடை ஆக்கிரமிக்கப்பட்டு, மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்குள் வருகிறது. குளத்தின் உள்வாயில், அதாவது நீர் நிற்கும் பரப்பில், சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் கதவு துருப்பிடித்து இறங்குவதில்லை. நம் பக்கத்தில் பாதி ஊர்களின் நிலை இதுதான்.

முதல் கேள்வி, குளம் யாருடையது என்பது. ஆயக்கட்டு, அதாவது குளத்தால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த குளங்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத்துறையின் பொறுப்பு. விஜயநாராயணம் பெரியகுளம் போன்ற பெரிய குளத்துக்கு ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுப்பது வீண். கிராம நிர்வாக அலுவலரிடம் குளத்தின் புல எண்ணைக் கேட்டு, நிலங்களின் வகையையும் உரிமையையும் காட்டும் ‘அ’ பதிவேட்டின் நகலையும் புலப்பட வரைபடத்தையும் பெறுங்கள். மறுகால் ஓடைக்குத் தனிப் புல எண் இருக்கும். ஆக்கிரமிப்பு எந்த உட்பிரிவில் இருக்கிறது என்பதை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஊர்ப் பெரியவர்களும், மடை பார்க்கும் நீர்பாய்ச்சியும் உடன் வந்தால், வரைபடத்தில் இருக்கும் கோடு தரையில் எங்கே போகிறது என்பது விளங்கும்.

கிராம சபைகளின் தீர்மானங்கள் பெரும்பாலும் “குளத்தைத் தூர்வார அரசைக் கேட்டுக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று முடிந்துவிடுகின்றன. அரசு என்ற பெயரில் அலுவலகம் எதுவும் இல்லாததால் இந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. அதையே இப்படி எழுதலாம்:

“இவ்வூராட்சிக்கு உட்பட்ட குளத்தின் மறுகால் ஓடை, புல எண் இன்னது, உட்பிரிவு இன்னது, வருவாய்ப் பதிவேட்டின்படி ஓடைப் புறம்போக்கு ஆகும். அதில் உள்ள ஆக்கிரமிப்பை அளந்து, அறிவிப்பு கொடுத்து அகற்றுமாறு வட்டாட்சியரையும், மடையின் கதவைப் புதுப்பிப்பதற்கான மதிப்பீட்டைத் தயாரிக்குமாறு நீர்வளத்துறையின் உதவிச் செயற்பொறியாளரையும் இச்சபை கோருகிறது. உள்வாயில் சீமைக்கருவேல் அகற்றும் பணியை ஊராட்சியே மேற்கொள்ளத் துறையின் அனுமதி கேட்டு எழுதுமாறு தலைவருக்கு இச்சபை அதிகாரம் அளிக்கிறது. மூன்று பணிகளின் நிலையையும் அடுத்த கிராம சபையில் தலைவர் அறிக்கையாக வைக்க வேண்டும்.”

இதில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் பொறுப்பாகிறார். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் குளம் இடம்பெற்றாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவது அதுதான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் கிராம சபை கூட வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் குளத்துக்கான தீர்மானத்தை அன்று வைப்பது பொருத்தம். கோடையில் வேலை தொடங்க நேரமும் இருக்கும். கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையான குறைவெண் வரம்பு ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் சேரவில்லை என்று கூட்டத்தையே செல்லாததாக்கிவிட முடியும் என்பதால், வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டி, பதிவேட்டில் எழுதி முடித்த பிறகே கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு ஒருபோதும் இடம் தராதீர்கள். அன்றே தீர்மானப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர் போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. நெல்லை மாநகராட்சி உள்ளிட்ட நகர்ப்புற அமைப்புகளுக்குப் பகுதி சபை, வார்டு குழு என்ற ஏற்பாடு 2022 முதல் இருக்கிறது. தீர்மானம் எழுதும் முறை அங்கும் இதுவே.

மலையில் இருக்கும் காணிக்காரர் குடியிருப்புகளுக்கு வேறொரு கருவி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிப் பகுதிகளின் ஊராட்சிகளுக்கென 1996இல் வந்த சட்டம் இங்கே பொருந்தாது. ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி கூடும் கிராம சபையே உரிமைக் கோரிக்கைகளை முதலில் ஆராயும் அமைப்பு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கத் திட்டத்தை நிராகரித்தன, அந்த முடிவு நின்றது. ஒரு சட்டம் கிராம சபைக்கு வெளிப்படையாக அதிகாரம் தந்திருந்தால் அதன் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதில் வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். “ஏன் செய்யவில்லை” என்று காரணம் கேட்பதைவிட, கோப்பின் நகலைக் கேட்பதே பலன் தரும். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஒன்றிய அலுவலகத்துக்கு அந்த வில்லை செல்லாது, அஞ்சல் ஆணை எடுத்து இணைக்க வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும், அதை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாள்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று குழப்பமாக இருக்கும்போது இந்தப் பிரிவை ஒரு திசைகாட்டியாகவே பயன்படுத்தலாம்: விண்ணப்பம் கடைசியில் யாருடைய மேசையில் போய் நிற்கிறதோ அவரே பெரும்பாலும் பொறுப்பாளர். 30 நாள்களில் பதில் வராவிட்டால், அதிலிருந்து 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

ஒன்றியம் “இது மாநிலப் பொருள்” என்றும் மாநிலம் “இது ஒன்றியப் பொருள்” என்றும் எழுதிவிட்டால், இரண்டு பதில்களையும் ஒன்றாக இணைத்து, பட்டியலின் இன எண்ணைக் குறிப்பிட்டுச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். மாவட்ட எல்லையும் தொகுதி எல்லையும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும் நாடாளுமன்றத்துக்குத் திருநெல்வேலித் தொகுதியில் வருகிறது. மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாள்கள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்கும் தேதி அறிவிக்கப்பட்ட உடனேயே தாளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். கேள்வியின் வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்: இந்தப் பொருளில் முடிவெடுக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி யாரிடம் இருக்கிறது, இந்தக் கோரிக்கை எந்தத் தேதியில் அவரிடம் வந்தது, அதன் மீது என்ன முடிவு எடுக்கப்பட்டது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.